ஈன்ற ஆடு குட்டியைச் சேர்க்க மறுத்தால்

செம்மறிப் பட்டிகளில், குறிப்பாகத் தலையீற்று ஆடுகள், ஈன்ற குட்டியை முட்டித் தள்ளுவதுண்டு.

1. பிறந்த குட்டியின் மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை மட்டும் துடைத்துவிட்டு, உடல் ஈரத்தைத் தாயே நக்கி உலர்த்த விடவும். பனிக்குடநீரின், அதாவது கருவில் குட்டியைச் சூழ்ந்திருந்த நீரின், வாசனையைக் கொண்டே தாய் முதல் ஓரிரு மணி நேரத்தில் தன் குட்டியை இனங்காணப் பழகுகிறது.

2. தாயையும் குட்டியையும் இரண்டு மூன்று நாள் தனித் தடுப்பில் வைக்கவும். மந்தை நெரிசலில் பிணைப்பு எளிதில் குலையும்.

3. ஈன்றவுடன் சுரக்கும் நோய் எதிர்ப்புப் புரதம் செறிந்த கெட்டிப்பாலான சீம்பாலை, இயன்றவரை முதல் ஒரு மணி நேரத்திற்குள் ஊட்டவும். தாய் உதைத்தால் பிடித்து நிறுத்தி, காம்பின் அடைப்பைப் பீச்சி நீக்கிக் குட்டியின் வாயில் வைக்கவும். வால் விறுவிறுவென ஆடுவது குட்டி ஊட்டுவதற்கு அடையாளம். ஒரு நாள் கடந்தபின் அப்புரதத்தைக் குட்டியின் குடல் உறிஞ்சுவதில்லை என்பதால், இதில் தாமதம் கூடவே கூடாது.

4. தாயற்ற குட்டியின் உடலெங்கும், அப்போதுதான் ஈன்ற வேறோர் ஆட்டின் பனிக்குடநீரைத் தடவி அதனிடம் விடவும். புட்டிப்பாலில் வளர்த்தாலும் பிற குட்டிகளோடு சேர்த்தே வளர்க்கவும்; மனிதரிடமே தனித்து வளரும் கிடாக்குட்டி, பெரிதானபின் அச்சமின்றி ஆட்களை முட்டக்கூடும்.

5. முதுகு கூனி, ஒதுங்கி நிற்கும் குட்டியைக் கண்டால் வயிற்றைத் தொட்டுப் பார்க்கவும். ஒட்டியிருப்பின் அது பட்டினி கிடக்கிறது.