வாசல் நம்முடையது, வீதி அனைவருடையது

 

ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை ஓய்ந்து, மாசி, பங்குனி வெயில் ஏறும் காலம் வீட்டைச் செப்பனிடும் காலம். வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களில் நகர்ந்த ஓட்டைச் சரிசெய்வார்கள், பாசி படிந்த சுவரைச் சுரண்டிச் சுண்ணாம்பு அடிப்பார்கள், வேலி கட்டுவார்கள். நல்ல காரியம்தான். ஆனால் சுரண்டிய காரையும், வெட்டிய முள்ளும், கூட்டிய குப்பையும் எங்கே போகின்றன? பல வீடுகளில் வாசலுக்கு வெளியே உள்ள வாய்க்காலுக்கே போகின்றன. இது சுத்தமன்று, நம் அசுத்தத்தைப் பிறர் தலையில் கட்டுவதாகும்.

முற்றங்களைத் தூய்மையாக வைக்கும்படி திர்மிதீயில் ஓர் அறிவிப்பு உண்டு. அதன் ஸனதிலுள்ள பலவீனத்தை இமாம் திர்மிதீ (ரஹ்) அவர்களே சுட்டிக் காட்டியுள்ளார்கள். ஆயினும் ஸஹீஹான ஹதீஸ்கள் நமக்குப் போதும். பாதையில் தொல்லை தருவதை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். வழியில் கிடந்த முட்கிளையை ஒதுக்கிய ஒருவரை அல்லாஹ் மன்னித்த செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முள்ளை எடுத்தவருக்கு மன்னிப்பு என்றால், போட்டவர் நிலை என்ன? சிந்தியுங்கள்!

ஒரு மஸ்அலா: திண்ணையைப் பொதுவீதியில் நீட்டிக் கட்டலாமா? கூடாது என்கிறது இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்'. வீதியில் மரம் நடுவதையும் அதனுடனேயே சேர்க்கிறது. இடையூறு இல்லையேல் ஆகும் என்ற மற்றொரு கருத்தையும் குறிப்பிடுகிறது. ஹனஃபீ நூலான 'கன்ஸ்', பொதுவழியில் நீட்டிய திண்ணையையும் மழைநீர்த் தூம்பையும் அகற்றும் உரிமை எவருக்கும் உண்டு என்கிறது. வீதி பொதுமக்களின் ஹக்கு என்பதே இதன் அடிப்படை.

இதன் அருமை வெள்ளத்தில் தெரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அத்தகைய மழையை நம்மால் தடுக்க முடியாது. ஆனால் வாய்க்கால் அடைபட்டிருந்தால் சிறு மழைகூடத் தாழ்ந்த மனையிலுள்ள ஏழையின் வீட்டுக்குள் புகும். அடைத்தவர் அதற்குப் பொறுப்பாளி அல்லவா?

தாய்மார்களே! டெங்குவைப் பரப்பும் கொசு, தேங்கிய தெளிந்த நீரில் பெருகுகிறது. முட்டை கொசுவாக ஏறத்தாழ 8 முதல் 10 நாட்கள் போதும். ஆகவே வாரந்தோறும் ஜும்ஆ குளிப்புக்கு முன் கொட்டாங்கச்சி, பழைய டயர், ஆட்டுக்கல் குழி, பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றின் நீரைக் கொட்டிவிடுங்கள். தொட்டியின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மூடுங்கள். முட்டை சுவரில் ஒட்டிக் கிடக்கும். இரவில் பாத்திரங்களை மூடச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

குப்பையை வாய்க்காலில் தள்ளாமல் குழியில் மக்கவிட்டால் தென்னைக்கு எருவாகும். அண்டை வீட்டார் எந்த மதத்தினராயினும் அவர் வாசல் முன்னுள்ள அடைப்பையும் சேர்த்து நீக்குங்கள்.

வல்ல ரஹ்மான் நம் இல்லங்களையும் உள்ளங்களையும் தூய்மையாக்குவானாக! ஆமீன்.