உக்கும் பையைச் சாணத் தொட்டியில் போடலாமா?

கேள்வி: சாணமும் மீன்கழிவும் போடும் உயிர்வாயுத் தொட்டி எங்கள் வளவில் இருக்கிறது. ‘உக்கும்’ என்று கடையில் தரும் பைகளையும் போட்டால் வாயு கூடுமா?
– வாசகி, கற்பிட்டி

பதில்: பை எதனால் ஆனது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, சகோதரி. சோளம், மரவள்ளி மாச்சத்தால் ஆன பையை நுண்ணுயிர்கள் சில வாரங்களில் தின்று மெதேன் தரும். பக்டீரியாக்களே உருவாக்கும் பிஎச்பி (PHB) என்ற நெகிழி வகையும் அப்படியே. ஆனால் பிஎல்ஏ (PLA) என்ற நெகிழி வேறு சாதி. 55 பாகை செல்சியஸ் சூட்டில்தான் அது ஓரளவு வேகமாகக் கரையும். உங்கள் தொட்டியோ 30 பாகையைச் சுற்றியே நிற்கும். கையில் குழையும் மெல்லிய பைகள் பலவற்றில் பிபிஏடி (PBAT) என்ற நெகிழி கலந்திருக்கும். காற்றில்லாத இடத்தில் அது அசையவே அசையாது. மேலே மிதந்து குழாயை அடைக்கும். ‘ஒக்ஸோ’ வகை வெறும் பொலித்தீன், தூளாகும் அவ்வளவுதான்.

நல்ல வாயு உணவுக் கழிவில்தான் இருக்கிறது. அதைப் பிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 2017 ஏப்ரலில் கொழும்பின் மீதொட்டமுல்லக் குப்பைமலை சரிந்தபின், புத்தளத்தார் எதிர்க்க எதிர்க்க, கொழும்புக் குப்பை நம் அருவக்காட்டுக்கு வந்தது. 2019 ஒக்டோபரில் அங்கே வெடிப்பு நிகழ்ந்தது. தேங்கிய மெதேன்தான் காரணம் என்றார்கள்.

மீன்கழிவை மட்டும் அள்ளிப் போடாதீர்கள், அமோனியா கூடி நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும். சாணம் நிறையக் கலக்கவேண்டும். பையை உதறி உள்ளிருப்பதைத் தொட்டியில் கொட்டுங்கள், பையை வெளியே வையுங்கள்.