கறுப்பாக இருந்தால் போதாது

விமான நிலையக் கடையில் கூலிங் கிளாஸ் வாங்குகிறவர்களில் பலர் ஒரே சோதனையைத்தான் செய்கிறார்கள். மாட்டிக்கொண்டு கூரை விளக்கை அண்ணாந்து பார்க்கிறார்கள். கூசவில்லை என்றால், "நல்லா டார்க்கா இருக்கு, கண்ணுக்கு நல்லது" என்று கார்டை நீட்டிவிடுகிறார்கள். கண் பரிசோதனைக்கு வருகிற படித்தவர்களும் எங்களிடம் இதையே ஒப்பிக்கிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது.

கறுப்புச் சாயம் குறைப்பது கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை. கண்ணைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர். சாயத்தை நம்பி அதைத் தடுக்க முடியாது. லென்ஸின் மூலப்பொருளோ, அதில் சேர்த்த தடுப்புப் பூச்சோதான் தடுக்க வேண்டும். பாலிகார்பனேட் லென்ஸ் சாயமே இல்லாவிட்டாலும் அந்தக் கதிரில் பெரும்பகுதியை நிறுத்திவிடும். தடுப்பில்லாத கறுப்பு லென்ஸ் போட்டால் என்ன ஆகும்? இருட்டைக் கண்டு கண்பாவை விரியும். வெயிலில் தானாகக் கண்ணை இடுக்கிக்கொள்வதும் நின்றுபோகும். அந்த இரண்டு காவலையும் எடுத்துவிட்டுக் கதிரை உள்ளே விடுகிறீர்கள். கண்புரைக்கும், கருவிழி மேல் சதை படர்வதற்கும் ஆண்டுக்கணக்கில் படுகிற இந்தக் கதிர் ஒரு காரணம்.

ஆகவே கூரை விளக்கை விடுங்கள். 'யுவி 400' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். 400 நானோமீட்டர் வரையிலான கதிரைத் தடுக்கும் என்று பொருள். சந்தேகமா? ஊர் திரும்பியதும் கண்ணாடிக் கடையில் கொடுத்தால் மீட்டரில் வைத்துச் சில நொடிகளில் சொல்லிவிடுவார்கள். ஃபிரேமின் உட்புறத்தில் 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கலாம். அது இருட்டின் அளவு மட்டுமே. நம் வெயிலுக்கு 3 போதும். 4 என்றால் 3 முதல் 8 சதவீத வெளிச்சமே உள்ளே வரும். அதைப் போட்டுக்கொண்டு வண்டி ஓட்டவே கூடாது.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. போலரைஸ்டு லென்ஸ் தண்ணீரிலும் சாலையிலும் பட்டுத் தெறிக்கிற பளபளப்பைக் குறைக்கும். புற ஊதாத் தடுப்பு அதில் தனியாக இருக்க வேண்டும். விலை கூடினால் பாதுகாப்பும் கூடும் என்பது பொய். ரேபான், ஓக்லி இரண்டும் எஸ்ஸிலார்லக்சோட்டிகா என்ற ஒரே நிறுவனத்துக்குச் சொந்தம். பிராடா, சனெல் பெயர்களில் கண்ணாடி செய்வதும் அதுவே. கூடுதல் பணம் பெரும்பாலும் பெயருக்குத்தான் போகிறது. விமான நிலையம் என்றாலே வரியில்லா விலை என்று நம்புகிறவர்களுக்கு, உள்நாட்டு முனையத்தில் வரி விலக்கே கிடையாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கிற கண்ணாடி உண்மையில் யாருக்கு அவசரத் தேவை? தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பளத்தில் நிற்கிறவர்களுக்கு. மேலே வெயில், கீழே வெள்ளை உப்பும் தண்ணீரும் திருப்பி அடிக்கிற ஒளி. யுவி 400 உள்ள எளிய கண்ணாடி, விமான நிலையத்துப் பிராண்டு விலையில் சிறு பங்குகூட ஆகாது. உப்பள முதலாளிகள் அதை ஆளுக்கொன்று கொடுக்க வேண்டும். கண் முகாம் நடத்துகிறவர்களும் கண்புரை அறுவைக்கு ஆள் சேர்ப்பதோடு நிற்காமல், புரை வருமுன்னே அந்தத் தொழிலாளர்களுக்கு இதைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.