ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் பத்திரம்!

சிதம்பரம், புவனகிரி பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரே, ஒன்பது, பத்தாம் வகுப்புப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். 2023-இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வின் கேள்விகள் அவற்றிலிருந்துதான் வருகின்றன. முதல் தாள் முழுக்கக் கணக்கு, 60 கேள்வி. இரண்டாம் தாளில் அறிவியலும் சமூக அறிவியலும், அதுவும் 60. கணக்கில் தடுமாறும் பிள்ளைக்கு அதற்கே கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். பாதி மதிப்பெண் அங்கேதான்.

தேர்வாகும் 1,000 பேரில் 500 பேர் மாணவிகள். மாதம் 1,000 ரூபாய் வீதம் ஆண்டுக்குப் பத்து மாதம், பட்டப்படிப்பு முடியும்வரை கிடைக்கும். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு பஸ்ஸில் போய்வரும் பிள்ளைக்கு இது சின்னத் தொகையல்ல. எந்த வகுப்பினர் எழுதலாம், கடைசி நாள் எது என்பதைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். விண்ணப்பமும் பள்ளி வழியாகவே போகிறது.