வாசலில் நிற்கும் ஆர்.வி.க்கு வீட்டு மின்சாரம்

அமெரிக்காவில் ஆர்.வி. (வீட்டு வசதிகள் கொண்ட பயண வண்டி) வாங்கிய பலர், வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தும்போது மின்சாரம் கொடுக்கத் தனியாக ஒரு 30 ஆம்பியர் சாக்கெட் போடச் சொல்கிறார்கள். வேலைக்கு வரும் எலக்ட்ரீஷியன் '30 ஆம்பியர்' என்று கேட்டதும் துணி உலர்த்தும் டிரையரை நினைத்துக்கொள்கிறார். அது 240 வோல்ட். ஆர்.வி.க்கு வேண்டியதோ 120 வோல்ட். இரட்டை பிரேக்கர் போட்டு அவர் இணைத்துவிட்டுப் போனால், கேபிளை மாட்டிய கணமே மைக்ரோவேவும் பேட்டரி சார்ஜரும் கருகிவிடும். தவறு செய்பவர் கற்றுக்குட்டியாக இருக்க வேண்டியதில்லை. வீட்டு வயரிங்கில் பழுத்த கைகளும் இதில் சறுக்குகின்றன.

ஆகவே கேட்கும்போதே 'டி.டி.-30 சாக்கெட், 120 வோல்ட், ஒற்றை பிரேக்கர், 10 கேஜ் செம்பு ஒயர்' என்று எழுதிக் கொடுப்பது நல்லது. வேலை முடிந்ததும் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். லைனுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120, லைனுக்கும் எர்த்துக்கும் இடையே 120, நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம். இந்த மூன்றும் சரியாக இருந்தால் மட்டுமே வண்டியின் கேபிள் சாக்கெட்டுக்குப் போகலாம்.

பெரிய வண்டிகளின் 50 ஆம்பியர் பிளக் வேறு சங்கதி. நான்கு முனைகள், இரண்டு லைன்கள். லைன்களுக்கு இடையே 240 இருப்பதுதான் அங்கே முறை.

புது சாக்கெட் போடாமல் கராஜில் இருப்பதையே பயன்படுத்துவோர்தான் அதிகம். அதற்கு 'டாக்போன்' அடாப்டர் கடைகளில் கிடைக்கிறது. முனை பொருந்துகிறது, விளக்கும் எரிகிறது. ஆனால் சுவருக்குள் ஓடும் ஒயர் அதே பழைய ஒயர்தான். 15 ஆம்பியர் சர்க்யூட் தருவது 1,800 வாட். மணிக்கணக்கில் ஓடும் சுமைக்கு அதில் 80 சதவீதம், அதாவது 1,440 வாட்தான் கணக்கு. கூரையில் இருக்கும் 13,500 பி.டி.யூ. ஏசி ஒன்றே அதைத் தின்றுவிடும். பேட்டரி சார்ஜ், விளக்குகள், ஃபிரிட்ஜ் வரை கவலையில்லை. ஏசி கட்டாயம் வேண்டுமானால் 20 ஆம்பியர் சர்க்யூட்டைத் தேடி, வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். கராஜின் ஃப்ரீசரும் அதே சர்க்யூட்டில் இருக்கிறதா என்று பார்ப்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

நான் பார்த்தவரை, அதிகம் சூடாவது எக்ஸ்டென்ஷன் கார்டுதான். 50 அடி நீள 16 கேஜ் கார்டில் 12 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 5 வோல்ட் வழியிலேயே போய்விடும். 12 கேஜில் 2 வோல்ட்தான். அரை மணி நேரம் கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடோ, முனையைச் சுற்றிப் பழுப்பேறிய பிளாஸ்டிக்கோ தென்பட்டால் பிரேக்கரை அணைத்துவிட்டுக் கழற்ற வேண்டியதுதான். சுருட்டி வைத்த கார்டு இன்னும் வேகமாகச் சூடேறும். முழுவதும் பிரித்துப் போட வேண்டும்.

கராஜ் சாக்கெட்டில் உள்ள ஜி.எஃப்.சி.ஐ. அடிக்கடி டிரிப் ஆகிறதே என்று அதையே கழற்றிப் போடுகிறவர்களும் உண்டு. உயிரோடு விளையாடும் செயல் அது. 5 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டிக்கும்படி அமைத்த காவல்தான் ஜி.எஃப்.சி.ஐ. வண்டியின் பிரேக்கர்களையெல்லாம் அணைத்து, ஒவ்வொன்றாகப் போட்டால் கசிவது எதுவென்று தெரிந்துவிடும். பெரும்பாலும் வாட்டர் ஹீட்டரின் பழைய காயில்தான் மாட்டும்.