விமானத்தைக் கழுவியவர்கள்



கையில சேறு பட்டா கழுவிடுறோம், போயிடுது. அணுகுண்டுத் தூசியும் அப்படித்தான்னு நானும் நினைச்சேன். அது தப்பு. ஏன் என்று பார்ப்போமா?

1953 அக்டோபர் 15 அன்று, தெற்கு ஆஸ்திரேலியாவில் எமு ஃபீல்டு என்ற பாலைவன இடத்தில் பிரிட்டன் ஓர் அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. சோதனையின் பெயர் டோட்டம்-1. எழும்பிய மேகத்தை ஆஸ்திரேலிய விமானப்படையின் லிங்கன் விமானங்கள் பின்தொடர்ந்து தூசி சேகரித்தன. அதில் போன வீரர்களுக்கு ஃபிலிம் பேட்ஜ் கொடுக்கவில்லை.

ஃபிலிம் பேட்ஜ் என்றால் சட்டையில் குத்திக்கொள்ளும் சிறிய போட்டோ ஃபிலிம். கதிர் பட்டால் கறுக்கும். எவ்வளவு கறுத்ததோ அதை வைத்து எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்கிடலாம். அது இல்லாவிட்டால் யாருக்கு எவ்வளவு பட்டது என்று பிறகு எப்படிச் சொல்வது?

விமானங்கள் தரையிறங்கின. தூசியும் கூடவே இறங்கியது! அதைக் கழுவ வேண்டியவர்கள் தரைப் பணியாளர்கள். எண்ணெய்ப் பிசுக்கு உள்ள இடத்தில் தூசி நன்றாக ஒட்டிக்கொள்ளும்.

முக்கியமான பாடம்: தண்ணீரும் சோப்பும் கதிரியக்கத்தை அழிக்காது. இடம்தான் மாற்றும். விமானத்தில் இருந்தது கழுவிய தண்ணீருக்கும், கழுவியவர் கைக்கும், உடைக்கும் வந்துவிடும். அதனால்தான் கழுவுகிறவருக்குக் கையுறை, முகமூடி, தனி உடை வேண்டும். தண்ணீரையும் தனியாகத் தேக்க வேண்டும்.

கதிரியக்கத்தைக் குறைப்பது எது? காலம் மட்டுமே. அயோடின்-131 பாதியாகக் குறைய 8 நாள். சீசியம்-137 பாதியாகக் குறைய 30 வருஷம்!

ஒரு கணக்கு: வெடித்த புதிதில், நேரம் 7 மடங்கு ஆனால் கதிர்வீச்சு ஏறக்குறைய 10-ல் ஒரு பங்காகும். 1 மணி நேரத்தில் 1000 என்றால், 7 மணி நேரத்தில் 100, 49 மணி நேரத்தில் 10. அவசரப்படாமல் இரண்டு நாள் நிறுத்தி வைத்துவிட்டுக் கழுவினாலே எவ்வளவு ஆபத்து குறையுது பாருங்க!

மனப்பாடம் செய்க: குறைந்த நேரம், அதிக தூரம், நடுவில் தடுப்பு.

1985-ல் ஆஸ்திரேலிய அரச விசாரணை ஆணையம் இந்தச் சோதனைகளின் பாதுகாப்பில் குறைகள் இருந்ததை அறிக்கையாகத் தந்தது. அதற்குள் 32 வருஷம் ஓடிப்போச்சு.

மேகத்துக்குள்ள பறந்தவங்களை வீரர்னு சொல்றோம். பக்கெட்டும் பிரஷ்ஷும் பிடிச்சவங்களை யார் நினைக்கிறாங்க? அவங்களுக்கும் அதே தூசிதானே!

கேள்வி: மேலே உள்ள கணக்கில் 343 மணி நேரத்தில் எவ்வளவு இருக்கும்? போட்டுப் பாருங்கள்!