தோலுக்கும் மாத்திரைக்கும் நடுவே

அன்புள்ள கயலுக்கு,

மாமா எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு அன்றைக்கே பதில் சொல்லியிருப்பேன், கடையில் கூட்டம். "அம்மாவுக்கு டாக்டர் எழுதின மாத்திரை ஆரஞ்சுத் தோல்ல இருந்து வருதாமே மாமா, அப்போ தோலையே காயவச்சுப் பொடி பண்ணிக் குடுத்தா என்ன?" என்றாய். முப்பது வருஷமாக மருந்துக்கடையில் நிற்கிறேன். இதை இவ்வளவு நேராக யாரும் கேட்டதில்லை. கேட்காமலே பொடி பண்ணிக் குடித்தவர்கள் உண்டு.

முதலில் அம்மாவின் காலுக்கு வருவோம். இருபத்திரண்டு வருஷம் கரும்பலகை முன்னால் நின்ற கால் அது. "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று ஊரில் சொல்கிறோம். அது நரம்பே அல்ல, சிரை. கெட்ட ரத்தக்குழாய் என்று பாட்டி சொல்வாளே, அது. நம் பேச்சில் தோலுக்கடியில் நீளமாகத் தெரிவதெல்லாம் நரம்பு. அதை நம்பி நரம்புக்கான வைட்டமின் மாத்திரை கேட்டு வாரம் இரண்டு பேராவது என் கடைக்கு வருகிறார்கள்.

இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளிவிடும். பாதத்திலிருந்து அது மேலே ஏறி வரவேண்டுமே, அந்த வேலை பெரும்பாலும் கெண்டைக்கால் தசையுடையது. நடக்கும்போது தசை இறுகிச் சிரையைப் பிழியும். ரத்தம் மேலே போகும். தசை தளரும்போது அது திரும்பி இறங்காதபடி சிரைக்குள்ளே சின்னச் சின்னக் கதவுகள், அதாவது வால்வுகள், மூடிக்கொள்ளும். அசையாமல் நிற்கிறவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மில்லிமீட்டர் பாதரச அளவுக்கு நிற்கும். நாலு எட்டு நடந்தால் 30-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். கதவு சரியாக மூடாத காலில் அப்படி இறங்காது. குழாய் விரிய விரியக் கதவின் இரண்டு பலகைகளும் விலகிப்போகும். அவை விலகினால் ரத்தம் தேங்கிக் குழாய் இன்னும் விரியும்.

இந்தக் கதவுகளை இத்தாலியின் பாதுவாவில் ஃபாப்ரிசியஸ் என்ற உடற்கூறு ஆசிரியர் 1603-இல் படம் போட்டு வெளியிட்டார். எதற்காக இருக்கின்றன என்பதைத் தப்பாகச் சொன்னார்: கைகால்களுக்குப் போகும் ரத்தத்தின் வேகத்தை மட்டுப்படுத்தவாம். அவரிடம் படித்த வில்லியம் ஹார்வி 1628-இல் அதைத் திருத்தினார். அவர் செய்த சோதனையை நீயும் செய்யலாம். முழங்கைக்கு மேலே துணியால் லேசாகக் கட்டி, முன்கையில் புடைக்கும் சிரை ஒன்றை விரலால் அழுத்து. இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கமாக, அடுத்து முடிச்சுப்போலத் தெரியும் இடம் தாண்டும்வரை தடவி விட்டு, அந்த இரண்டாவது விரலை எடு. நடுத்துண்டு காலியாகவே கிடக்கும். கதவு மூடியிருக்கிறது. முதல் விரலை எடுத்தால் கீழேயிருந்து ரத்தம் உடனே நிறையும். ஒரு நிமிஷத்துக்கு மேல் கட்டி வைக்காதே.

இனி தோல். ஆரஞ்சை உரித்தால் உள்பக்கம் பஞ்சுபோல வெள்ளையாக இருக்கிறதே, அதிலிருந்து 1828-இல் லெப்ரெட்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். பெயர் ஹெஸ்பெரிடின். கிரேக்கப் புராணத்தில் பொன் ஆப்பிள் மரத்தைக் காவல் காத்த ஹெஸ்பெரிடிஸ் என்ற தேவகன்னியரின் பெயர்தான் அது. தோலின் கசப்பு இதனால் வருவதில்லை. ஹெஸ்பெரிடினுக்குச் சுவையே கிடையாது. ஒட்டியிருக்கும் சர்க்கரையின் அமைப்பு கொஞ்சம் மாறிய பங்காளிகள்தான் கசப்பவை.

ரொம்ப காலம் அதைப் பெரிதாக யாரும் சட்டை செய்யவில்லை. 1936-இல் ஹங்கேரியின் ஆல்பெர்ட் சென்ட்-ஜியார்ஜி வந்தார். வைட்டமின் சி-யைப் பிரித்தெடுத்த அதே ஆள். ரத்தக் கசிவு நோயாளிகளுக்குச் சுத்தமான வைட்டமின் சி உதவவில்லை, அரைகுறையாகச் சுத்தம் செய்த சாறு உதவியது. அப்படியென்றால் அந்த அழுக்கில்தான் ஏதோ இருக்கிறது என்று எலுமிச்சையிலிருந்து எடுத்த ஃபிளேவனாய்டுகளுக்கு 'வைட்டமின் பி' என்று பெயர் வைத்தார். தயிர் சாதத்தில் வருகிற பி இல்லை இது. ஆங்கில எழுத்து வரிசையில் பதினாறாவது. பிறகு செய்த சோதனைகளில் அது வைட்டமின் என்பது நிலைக்கவில்லை, 1950-இல் பெயரைக் கைவிட்டார்கள். நோபல் பரிசு வாங்கியவர் வைத்த பெயரையே எடுத்துவிட்டார்கள் பார். எனக்கு அறிவியலில் பிடித்த இடம் இதுதான்.

அம்மாவின் மாத்திரையில் உள்ள முக்கியப் பொருள் ஹெஸ்பெரிடினும் அல்ல. டயோஸ்மின். இதை முதலில் 1925-இல் பிரித்தது ஆரஞ்சிலிருந்துகூட இல்லை, ஐரோப்பாவில் ஈரநிலங்களில் வளரும் ஒரு செடியிலிருந்து. மருந்தாக வந்தது 1969-இல், பிரான்சில். டன் கணக்கில் வேண்டுமென்றால் செடியைத் தேடி அலைய முடியாதல்லவா? ஹெஸ்பெரிடினுக்கும் டயோஸ்மினுக்கும் வித்தியாசம் இரண்டே ஹைட்ரஜன் அணுக்கள். அவற்றைக் கழற்றிவிட்டால் அந்த இடத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு உண்டாகி, ஹெஸ்பெரிடின் டயோஸ்மினாகிவிடும். முதிராத சிறு ஆரஞ்சுக் காய்களில்தான் ஹெஸ்பெரிடின் செறிவு அதிகம். சுண்ணாம்பு போன்ற காரத்தில் ஊறவைத்தால் அது கரைந்து இறங்கும். அமிலம் விட்டால் படிகமாக விழும். பிறகு பெரும்பாலும் அயோடினைக் கொண்டு அந்த ஹைட்ரஜன்களை நீக்குகிறார்கள். இந்த வேலை நம் வீட்டு மொட்டைமாடி வெயிலிலும் நடக்காது, உன் அம்மாவின் வயிற்றிலும் நடக்காது.

அதோடு முடியவில்லை. டயோஸ்மின் தண்ணீரில் கரைய மறுக்கிற பிடிவாதக்காரி. அதனால் 36 மைக்ரான் அளவிலிருந்த தூளை 2 மைக்ரானுக்கும் கீழே அரைத்தார்கள். கதிரியக்க அடையாளம் வைத்து மனிதர்களிடம் பார்த்தபோது, பழைய தூள் சுமார் 33 சதவீதம் உறிஞ்சப்பட்டது, நுண்ணிய தூள் சுமார் 58 சதவீதம். அதுவும் அப்படியே உள்ளே போவதில்லை. குடலிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையைக் கடித்துத் துப்பிய பிறகு மிச்சமுள்ள டயோஸ்மெட்டின்தான் ரத்தத்துக்குள் நுழைகிறது. அம்மாவின் அட்டையில் 500 மில்லிகிராம் என்று இருக்கும்: 450 டயோஸ்மின், மீதி 50 ஹெஸ்பெரிடின் வகையறா. அந்த ஆரஞ்சு நிறத்தைப் பார்த்து மயங்காதே. அது மேல்பூச்சில் சேர்த்த இரும்பு ஆக்சைடு.

உள்ளே போய் என்ன செய்கிறது? சிரைச் சுவரை இறுகச் சொல்லும் நார்அட்ரினலினின் வேலையைக் கொஞ்சம் நீட்டிக்கிறது. வெள்ளணுக்கள் சுவரில் ஒட்டி அழற்சி உண்டாக்குவதைக் குறைக்கிறது. நிணநீர் வடியவும் உதவுகிறது. மூலத்துக்கும் இதே மாத்திரை. அங்கே வீங்குவதும் ரத்தக்குழாய் மெத்தைகள்தான்.

கடைக்காரன் என்பதற்காக நான் கூட்டிச் சொல்லக் கூடாது. இந்த வகை மருந்துகளைப் பற்றி வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்த காக்ரேன் குழு 2020-இல் சொன்னது, கால் வீக்கம் ஓரளவு குறைகிறது, புண் ஆறுவதில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பது. இதைப் பிறப்பித்த பிரான்சிலேயே, பலன் போதாது என்று 2008 முதல் அரசுக் காப்பீட்டில் இதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். சாயங்காலம் கால் கனக்கிறது, குடைகிறது என்பவர்களில் பலர் இரண்டாவது அட்டைக்குத் தானாக வருகிறார்கள். ஆனால் விலகிப்போன கதவை எந்த மாத்திரையும் மூடாது. அதற்கு லேசர், அறுவை என்று வேறு வழிகள். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் மாத்திரையைத் தேடாமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். ஆசனவாயில் ரத்தம் என்றாலும் மூலம்தான் என்று நாமாக முடிவு கட்டக் கூடாது.

என் இடது காலிலும் இதே பச்சைக் கொடி ஓடுகிறது, நீ பார்த்திருப்பாய். கல்லாவுக்குப் பின்னால் நின்றதன் சம்பளம். ஜவுளிக்கடைப் பெண்கள் சாயங்காலம் வந்து இந்த மாத்திரையைக் கேட்கும்போது, முதலில் "உட்கார முடியுதாம்மா?" என்றுதான் கேட்பேன். கடை ஊழியருக்கு இருக்கை கட்டாயம் என்று கேரளம் 2018-இல் சட்டம் செய்தது, தமிழ்நாட்டில் நாம் 2021-இல். ஸ்டூல் வந்திருக்கிறது, உட்கார்ந்தால் முறைக்கிறார்கள் என்று ஒரு பெண் சொன்னாள்.

டாக்டர் எழுதிய இறுக்கக் காலுறையை அடுத்த வாரம் நானே கொண்டுவருகிறேன். அளவு வேண்டும். காலையில் அம்மா கட்டிலிலிருந்து காலைக் கீழே ஊன்றுவதற்கு முன்னால், வீக்கம் இறங்கியிருக்கும்போதே எடு. கணுக்காலுக்கு மேலே மெலிந்த இடம், கெண்டைக்காலின் பருத்த இடம், முழங்காலுக்குக் கீழே உயரம், மூன்றையும் தையல் டேப்பால் அளந்து சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு. இரண்டு காலுக்கும் தனித்தனியாக.

அன்புடன்,
மாமா